ஒரு சாவு, ஒரு கல்யாணம், 52 ஞாயிறு: எங்கள் பங்கின் பாடகர் குழுவைப் பற்றி

தண்டையார்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் பங்கு என்போம்), ஞாயிறு காலை 6 மணித் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, பாடும் குழுவினர் பின்புறத்துப் பாடகர் மாடத்துக்கு ஏறிப் போகும்போது, அவர்களில் ஒருவர் மட்டும் ஏறாமல் கீழேயே நின்றுவிடுவார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுடன் கடைசிப் பெஞ்சில், குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்மாருக்கும் தாமதமாக வந்தவர்களுக்கும் இடையில் உட்கார்ந்து, எந்தப் பாட்டை மக்கள் பாடினார்கள், எந்தப் பாட்டில் வாயை மூடிக்கொண்டார்கள், எந்த அடியில் குரல் எட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று குறித்துக்கொள்வதுதான் அவருடைய அன்றைய வேலை. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து இதைச் செய்கிறார்கள். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும் நேரத்தில், "நாளைக்கு யாரு கடைசி பெஞ்சு?" என்ற கேள்வி தவறாமல் வரும்.

2025 பிப்ரவரியிலிருந்து இந்த ஆண்டு பிப்ரவரி வரை ஏறத்தாழ எல்லா ஞாயிறும் இக்குழுவைக் கேட்டிருக்கிறேன். அந்த ஓராண்டுக்குள் எங்கள் வீட்டில் ஒரு சாவும் ஒரு கல்யாணமும் நடந்தன. இரண்டுக்கும் அவர்களே பாடினார்கள். ஆகவே, நேரம் கேட்டு, காணிக்கை கொடுத்து, சில கோரிக்கைகள் மறுக்கப்பட்டு, ஒரு சேவையைப் பெற்றுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. சிறுவயதில், மறைக்கல்வி கற்பித்த எங்கள் உபதேசியார் கால் ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டே, இடையிடையே திரும்பி எங்களை முறைத்துக்கொண்டே சொல்லித்தந்த பாட்டுகளோடு என் பயிற்சி முடிந்துபோயிற்று. பங்கின் பெயரைப் போட வேண்டாம் என்று குழுவை நடத்தும் அக்கா கேட்டுக்கொண்டார். போட்டால் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் சனிக்கிழமைக் கல்யாணங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு ஞாயிறு காலை 6 மணிக்குத் தம் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவருடைய கவலை.

குழுவில் பதினைந்து பேர்வரை இருக்கிறார்கள், பெண்களே அதிகம். நடத்துகிறவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் பெண்மணி. சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். கீபோர்டு வாசிப்பவரை மாஸ்டர் என்று அழைக்கிறார்கள். அவருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. தபேலாவுக்கு ஒருவர். பாடகர் மாடம் கோயிலின் பின்பகுதியில் இருப்பதால் மாஸ்டரின் முதுகு பீடத்தை நோக்கியே இருக்கும். பீடத்தில் நடப்பதைப் பார்க்க, கீபோர்டு தாங்கியில் இருசக்கர வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். குருவானவர் நிமிர்வதையும் நற்கருணை (அர்ச்சித்த அப்பம்) வாங்கும் வரிசை நகர்வதையும் அதில் பார்த்துத்தான் பாட்டை நீட்டுவதும் முடிப்பதும். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் இருந்தால் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. வாசித்து முடித்ததும் கீபோர்டைப் பழைய போர்வையால் மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டுத்தான் மாஸ்டர் கீழே இறங்குகிறார். அப்படியிருந்தும் மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் ஊமையாகிவிட்டன. அந்த இரண்டையும் தொடாமல் வாசிக்கப் பழகிவிட்டார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புதியது வாங்கித் தரலாம் என்பது என் எண்ணம்.

அவர்களுடைய வேலையில் நான் முதலில் கவனித்தது சுருதி. ஒலிப்பதிவில் கேட்கும் பக்திப் பாடல்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஒரு தனிக்குரலின் வசதிக்காக உயர்ந்த சுருதியில் அமைக்கப்பட்டவை; அதே சுருதியிலேயே ஞாயிறு பூசையிலும் பாடினால், பல்லவியோடு மக்கள் வந்து சேர்வார்கள், அனுபல்லவியில் திணறுவார்கள், சரணத்தில் மௌனமாகப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பயிற்சியில்லாத சராசரிக் குரல் சிரமப்படாமல் தொடக்கூடியது ஏறத்தாழ ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஓரிரு சுரங்களும்தான். போதாததற்கு, ஒரே மெட்டை ஆண்களும் பெண்களும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாட வேண்டும். இந்தக் கணக்கு மாஸ்டருக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசிப் பெஞ்சு நோட்டில் "மேலே எட்டவில்லை" என்று வந்த பாட்டை மறுமுறை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி வாசிக்கிறார். விடியற்காலையில் தொண்டை திறந்திருக்காது என்பதால், மாலைத் திருப்பலியில் பாடும் அதே பாட்டை 6 மணிக்கு இன்னும் கொஞ்சம் தாழ்த்துகிறார். இளம் பாடகிகளுக்கு இது பிடிப்பதில்லை. தாழ்ந்த சுருதியில் தங்கள் குரல் எடுபடுவதில்லை என்பது அவர்களுடைய குறை. குறை நியாயமானதுதான். ஆனால் கீழே இருநூறு பேர் பாடுகிறார்களே.

ஆண் குரல்களுக்கு இங்கே ஒரு பருவமே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வழக்கமாகக் கடலில் இருக்கும் ஆண்கள் அந்த இரண்டு மாதங்களும் ஞாயிறன்று வீட்டில் இருப்பார்கள். வலது பக்கப் பெஞ்சுகள் திடீரென்று நிறைந்து, கோயிலில் பாட்டின் கனமே மாறிவிடும். 2025இல் பாஸ்கா என்னும் ஈஸ்டர் ஏப்ரல் 20ஆம் தேதி வந்ததால், அதற்கு முந்தைய திருவிழிப்பு இரவும் தடைக்காலத்துக்குள்ளேயே அமைந்தது. அக்கா அதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த இரவுக்கான பல்லவிகளை நீண்ட, தாழ்ந்த, தாளம் அழுத்தமானவையாகத் தேர்ந்துகொண்டார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது மணிகள் ஒலித்து ஓய்ந்தபின், மறுபடியும் பாஸ்கா இரவில் அதே உன்னதங்களிலே தொடங்கும்வரை மணி ஒலிப்பதில்லை. இசைக்கருவிகளையும் பாடலுக்குத் துணையாக அன்றி வாசிக்கக் கூடாது என்பது திருச்சபையின் முறை. எங்கள் குழு அந்தத் துணையையும் வேண்டாமென்று விட்டுவிட்டு, மூன்று நாளும் வெறுங்குரலில் பாடுகிறது. ஆகவே திருவிழிப்பில் விளக்குகள் எரிந்து, மணியும் கீபோர்டும் தபேலாவும் ஒருசேரத் தொடங்கியபோது, மூன்று நாள் பட்டினி கிடந்த காதுக்கு அது விருந்தாகவே இருந்தது. படகுக்காரர்களின் குரல் கூரையில் முட்டித் திரும்பியது. என் ஆயுளில் அந்தக் கோயிலில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

வாசகத்துக்குப் பின், விவிலியத் திருப்பாடலின் அடிகளுக்கு மக்கள் பல்லவியால் பதில் சொல்லும் பதிலுரைப் பாடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் திருப்பாடலை வாசித்துவிட்டுப் பல்லவியை மட்டும் ஏனோதானோவென்று பாடிவிடுவார்கள். காரணம் புரியக்கூடியதே. திருப்பாடலின் அடிகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரு மெட்டுக்குள் அவை அடங்குவதில்லை. இங்கே அதைப் பாடும் கல்லூரி மாணவி, கர்நாடக சங்கீதம் கற்றவர்; அடிகளைத் தாளத்துக்குள் திணிக்காமல், விருத்தம் பாடுவதுபோலச் சொல்லின் போக்கிலேயே ஒரு சுரத்தில் நிறுத்திச் சொல்லி, அடியின் முடிவில் மட்டும் இறங்கி நிற்கிறார்; பிறகு தபேலா பிடித்துக்கொள்ள, மக்கள் பல்லவியைத் தாளத்தில் பாடுகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் கடைசிப் பெஞ்சுவரை கேட்கிறது. மோகனம், ஆனந்தபைரவி என்று வாரத்துக்கு ஒரு ராகம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் சுபபந்துவராளியைத் தொட்டார். முன்வரிசையில் ஒரு கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்.

இனி, சாவு. என் மூத்த அண்ணன் காசிமேட்டில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவராக இருந்தார். 2025 மார்ச்சில், தவக்காலம் தொடங்கிய மறுவாரம், இரவு ஒன்பது மணிக்கு இறந்தார். பதினொரு மணி வாக்கில் நான் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். தகவலைக் கேட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: "பூசை எத்தனை மணிக்கு அண்ணே? அண்ணனுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" முதலாவதற்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை; அண்ணியிடம் கேட்டுச் சொன்னேன்.

வட சென்னையில் சாவு எப்படி நடக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணனின் நண்பர்கள் மேளம் வைத்தார்கள். இரவு முழுவதும் தெருவில் பந்தல் போட்டுக் கானா பாடினார்கள். இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குணத்தையும் அந்த இடத்திலேயே பாட்டில் வைத்துப் பாடும் அந்தக் கலைக்கு ஈடு வேறில்லை. அண்ணன் கடனுக்கு வேலை செய்துவிட்டுக் காசு கேட்கக் கூச்சப்படுவார் என்பதைக்கூட ஒருவன் விடியற்காலை நாலு மணிக்குப் பாடினான். அப்படிப் பாடியவர்களில் ஒரு இளைஞன் எங்கள் கோயில் குழுவில் இருப்பவன். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிணம் கோயில் வாசலை அடைந்தது. மேளம் அங்கேயே நின்றது. ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த இடைவெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், வாசலிலேயே வந்து நின்றிருந்த ஆறேழு பேர் வருகைப் பாடலைத் தொடங்கினார்கள். பெட்டியைத் தூக்கி வந்தவர்களின் நடைக்கு ஏற்ற வேகத்தில் பாட்டு நகர்ந்தது. படியேறும்போது தூக்கியவர்கள் சற்றுத் தடுமாறி நின்றார்கள். பாடியவர்களும் அந்த அடியை நீட்டிக் காத்திருந்து, பெட்டி உள்ளே வந்தபின் அடுத்த அடிக்குப் போனார்கள். பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத பணிவிடை என்றால் அதைத்தான் சொல்வேன்.

திருப்பாடல் 23ஐ அந்தக் கானா இளைஞனே பாடினான். இரவு முழுவதும் கத்தியதில் குரல் கம்மிக் கரகரவென்றிருந்தது. வேறொருவரைப் பாடச் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் பிறகு கேட்டேன். "ராத்திரியெல்லாம் அவருக்காகத்தானே பாடுனான், இதையும் அவனே முடிக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். தவக்காலம் என்பதால் நற்செய்திக்கு முன் அல்லேலூயா கிடையாது. அதன் இடத்தில் வேறு வாழ்த்தொலி பாடினார்கள். கீபோர்டு சுருதி பிடிக்க மட்டுமே ஒலித்தது. பாடல்கள் எல்லாம் பழையவை, திருவிழா தேர் பவனியில் பாடிப் பாடிப் பிற சமயத்தாருக்கும் பழகியவை. கோயிலுக்குள் வராமல் வாசலோரம் நின்றிருந்த படகுத்துறை ஆட்களும் சேர்ந்து முணுமுணுத்தார்கள். சாவுக்கு வந்தவர்களுக்கு உட்கார்ந்து புதுப்பாட்டு கற்றுக்கொடுக்க முடியாது என்பது அக்காவின் கொள்கை. காசிமேடு கல்லறைவரைக்கும் நாலு பேர் வந்து, மண் போடும்வரை பாடினார்கள். அடக்கப் பூசைக்கு இக்குழு யாரிடமும் காணிக்கை வாங்குவதில்லை. ஆட்டோ காசை நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

கல்யாணம் செப்டம்பரில், என் தங்கை மகளுக்கு. இங்கே கதை வேறு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வெளியிலிருந்து ஒரு இசைக்குழுவை 25,000 ரூபாய்க்கு அழைத்திருந்தார்கள். அவர்கள் பின்னணி இசையைப் பதிவு செய்துகொண்டு வந்து அதற்கு மேல் பாடினார்கள். பாட்டு இனிமையாகத்தான் இருந்தது. நற்கருணை வரிசை பாதி நகர்ந்திருந்தபோது பதிவு முடிந்துவிட்டது. பாடகர்கள் மூவரும் கைப்பேசியைத் துழாவி அடுத்த பதிவைத் தேட, முந்நூறு பேரின் செருப்புச் சத்தம் மட்டும் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டரின் வண்டிக் கண்ணாடிக்கு என்ன மதிப்பு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. உயிருள்ள மனிதர் வாசித்தால், வரிசை நீண்டால் பாட்டும் நீளும். குருவானவர் சீக்கிரம் முடித்தால் பாட்டும் அடுத்த அடியில் அடங்கும்.

ஆகவே எங்கள் பங்குக் குழுவே போதும் என்று தீர்மானித்தோம். தீர்மானித்தபின் சச்சரவு தொடங்கியது. மாப்பிள்ளையின் தம்பி, பெண் உள்ளே வரும்போது ஒரு சினிமாப் பாட்டின் மெட்டை வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அக்கா கோபப்படவில்லை. "மண்டபத்துல எவ்வளவு வேணா வாசிக்கச் சொல்லு தம்பி, மாஸ்டரே வந்து வாசிப்பாரு. இங்க வேணாம்பா" என்றார். சொன்னபடியே மாஸ்டர் மாலையில் மண்டபத்துக்கு வந்து அரைமணி நேரம் வாசித்தார், நன்றாகவும் வாசித்தார். எனக்கு இதில் இன்னொரு விஷயம் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டிரண்டு பாட்டுகளைப் பாடிக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் பெண் தேர்ந்த காணிக்கைப் பாடல் (அப்பமும் இரசமும் பீடத்துக்குக் கொண்டுவரும்போது பாடுவது) ஒன்று யாருக்கும் தெரியாதது. "இதை உங்க ஆளுங்க பாட மாட்டாங்களே, பரவாயில்லையா?" என்று கேட்டு, அவள் பரவாயில்லை என்றபின் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

சடங்கின்போது நடந்த ஒரு சிறு சம்பவம். மணமக்கள் கையைப் பிடித்துத் திருமண ஒப்பந்த வார்த்தைகளைச் சொல்லத் தொடங்குகையில், வீடியோ எடுப்பவர் மாடத்தை நோக்கித் தலையை உயர்த்தி, பின்னணியில் கொஞ்சம் இசை வேண்டும் என்று விரல்களால் வாசித்துக் காட்டிச் சைகை செய்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த மாஸ்டர், இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணின் குரல், அது எவ்வளவு நடுங்கியது என்பது உட்பட, கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. தாலி கட்டியபின்தான் தபேலா எழுந்தது. கீபோர்டுக்கும் தபேலாவுக்குமாகச் சேர்த்து நாங்கள் 6,000 ரூபாய் கொடுத்தோம். பாடுகிறவர்கள் பணம் வாங்குவதில்லை, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இவ்வளவும் 6 மணிக் குழுவைப் பற்றியது. காலை 8.30 மணித் திருப்பலிக்குப் போனால் இதே கோயிலில் வேறொரு உலகம். அங்கே இளைஞர் குழு. ரிதம் பேட் என்ற மின்தாளக் கருவி, பேஸ் கித்தார், வலது பக்கச் சுவரில் பெரிய ஒலிபெருக்கி. இணையத்தில் பிடித்த புதுப்பாட்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் கொண்டுவருகிறார்கள். அவற்றை மக்கள் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. உயரமான கூரையும் வழவழப்பான தரையும் உள்ள கோயிலில் ஓசை அடங்க நேரமாகும். ஓர் அடி அடங்குமுன் பேடின் அடுத்த அடி விழுந்து, சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்த ஞாயிறும் உண்டு. அக்கா இதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்: கடைசிப் பெஞ்சு முறையை 8.30 குழுவுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

தாளக்கருவிக்கு நான் எதிரியல்லன். மக்களின் சொந்த இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனமே சொல்கிறது. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் பங்கேற்க வேண்டும் என்பதும் அதே சாசனத்தில் உள்ளதுதான். இந்த ஜனவரியில் பொங்கல் திருப்பலியின் காணிக்கைப் பவனிக்கு இதே இளைஞர்கள் பறை அடித்து வந்தார்கள். ஒலிபெருக்கி இல்லை, புதுப்பாட்டு இல்லை; எல்லாருக்கும் தெரிந்த பல்லவியும் பறையும் மட்டும். அன்று பாடாதவர் கோயிலில் இல்லை. அவர்களால் முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மாதம் ஒரு மாலை ஆங்கிலத் திருப்பலி உண்டு. இராயபுரத்தில் 1856இல் ரயில் நிலையம் வந்தபின், ரயில்வே வேலையை நம்பி இராயபுரத்திலும் பெரம்பூரிலும் நிலைகொண்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் பாடல் மரபு அது. பலர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட, மிஞ்சியிருப்பவர் சிலரே. வாசிப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் அவர் மிஸ். நான்கு குரலுக்கு நான்கே பேர். ஒருவருக்குச் சளி பிடித்தால் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) இல்லாமலே பாட்டு நடக்கிறது. ஆனால் தமிழ்க் குழுவின் சிறுமிகளுக்கு எங்கே மூச்சு எடுக்க வேண்டும், ஓர் அடியை எப்படி உடைக்காமல் முடிக்க வேண்டும் என்று சனிக்கிழமைகளில் சொல்லித்தருகிறவரும் இவரே. "தோளைத் தூக்காதே, வயித்துல மூச்சு எடு" என்ற அவருடைய அதட்டல் தெருவரைக்கும் கேட்கும்.

குறைகளில் பெரியது, மாஸ்டருக்கு மாற்று ஆள் இல்லாதது. நவம்பரில் அவர் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தார். ஞாயிறுகளில் பாதகமில்லை, வெறுங்குரலில் மக்கள் பாடிவிட்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் தேதி குறித்திருந்த ஒரு கல்யாண வீட்டாருக்கு நான்கு நாள் முன்புதான் தகவல் போயிற்று, அவர்கள் அலைந்து அவசரமாக வேறு ஆளைப் பிடித்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் இருவருக்கு மாஸ்டர் சொல்லிக்கொடுக்கிறார் என்றாலும், ஞாயிறு பூசையில் அவர்களை உட்கார வைக்க அவருக்கு மனம் வருவதில்லை. தவறுவார்களே என்று பயப்படுகிறார். தவறட்டும். எங்கள் உபதேசியார் தவறாத ஞாயிறு எனக்கு நினைவில்லை.

இரண்டாவது, பணம். பங்கு அவருக்குத் தரும் மாதத் தொகையை இங்கே எழுதினால் அவருக்கே கூச்சமாக இருக்கும். திருவிழாவில் தேருக்குப் பூ அலங்காரம் செய்யும் ஒரு நாள் செலவு அதைவிடப் பல மடங்கு. பாடுகிறவர்கள் தொண்டாகப் பாடலாம். வாரத்துக்கு நான்கு வேளை, சாவு என்றால் நேரங்காலம் பாராமல் வந்து நிற்கும் ஒரு வாத்தியக்காரருக்கு அவர் தொழிலுக்குரிய கூலியைக் கொடுப்பதை அடுத்த பங்குப் பேரவைக் கூட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

சின்னக் குறை ஒன்று: பாட்டு எண் பலகை. மர எண்களில் 7 தொலைந்து பல மாதமாகிறது. 7 வரும் பாட்டுகளுக்கு அக்கா மைக்கில் எண்ணைச் சொல்ல, மின்விசிறிச் சத்தத்தில் பாதிப் பேர் வேறு பக்கத்தைத் திருப்புகிறார்கள். கடைசிப் பெஞ்சு நோட்டிலேயே இது மூன்று முறை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தேன்.

குழுவின் உதவி தேவைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கல்யாணத்துக்குப் பாடுகிறார்கள்; மூன்று மாதம் முன்பே பங்கு அலுவலகத்தில் தேதியைச் சொல்லிவிட வேண்டும், பாட்டுத் தேர்வுக்கு ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்க வேண்டும். சொந்த ஒலிபெருக்கிக்காரரைக் கூட்டிவராதீர்கள்; கோயில் மைக்கின் அளவுகளை அக்கா யாரையும் தொடவிடுவதில்லை, அதுவும் நல்லதுக்கே. சாவு என்றால் எந்நேரமும் அழைக்கலாம்; இறந்தவருக்குப் பிடித்த பாட்டை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அழையுங்கள். கேட்டுப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். ஞாயிறு 6 மணிப் பூசைக்கு 5.45க்குள் வந்தால், அன்றைய பல்லவியை மக்களோடு ஒருமுறை பாடிப் பார்ப்பதிலிருந்தே கேட்கலாம். 8.30க்குத்தான் வர முடியும் என்றால் இடது பக்கப் பெஞ்சில் உட்காருங்கள்.